வரிமேல் வரி அடித்த பிரிண்டர்

எண்பதுகளின் நடுவில் ஈப்போ, சிலிபினில் இருந்த ஒரு லாரி கம்பெனியில் நான் கணக்கெழுதும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது முதலாளி என்னைத்தான் மூன்று வாரப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் அனுப்பினார். திரும்பி வந்தபின் அதை நான் யாரையும் தொடவிடவில்லை. தூசு பட்டால் கெட்டுவிடும் என்று சொல்லி, துணி போட்டு மூடி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையும் மாட்டி வைத்திருந்தேன்.

எதிர் மேசையில் டைப்பிஸ்ட் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பதினைந்து வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் குடும்பம் ஈப்போவின் புந்தோங்கிற்கு வந்தது. பகலில் துணிக்கடை வேலை, மாலையில் டைப்பிங் வகுப்பு என்று படித்துத்தான் எங்கள் ஆபீசில் சேர்ந்தார். அதிகம் பேசமாட்டார். அவர் அடித்த கடிதத்தில் நான் ஒரு பிழையும் பார்த்ததில்லை.

பழைய பிரிண்டர் பழுதாகி, ஒரு நாள் புதியது வந்தது. கேபிளைச் செருகி, தெலுக் இந்தான் போகும் லாரிக்கான சரக்குச் சீட்டை அடிக்க விட்டேன். பிரிண்டர் மும்முரமாகத்தான் ஓடியது, ஆனால் தாள் நகரவில்லை. இருபது வரியும் ஒரே இடத்தில் விழுந்து கறுப்பாக ஒரு பட்டை ஆயின. அந்த இடத்திலேயே தாள் கிழிந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினேன், தாளை மாற்றினேன், எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே பட்டைதான்.

பிரிண்டரை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர்தான் பழுதாகியிருக்கும், கோலாலம்பூருக்கு அனுப்புங்கள், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். லாரிகள் வாசலில் நின்றன. அத்தனை சீட்டையும் அன்று அக்காவே டைப்ரைட்டரில் அடித்துக் கொடுத்தார்.

லாரிகள் போனபின் அக்கா என் குப்பைக் கூடையிலிருந்து கிழிந்த தாள்களை எடுத்து வந்தார்.

"தம்பி, இதுல நீளமான வரியோட கடைசி எழுத்துங்க மட்டும் தனியா தெரியுது பாரு. அது எல்லாமே சரியா இருக்கு."

"அதுக்கு என்னக்கா?"

"கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருந்தா எழுத்தும் தப்பால்ல இருக்கணும்?"

என்னைத் தன் டைப்ரைட்டர் பக்கம் கூப்பிட்டு, அதன் கைப்பிடியைத் தள்ளிக் காட்டினார்.

"இதத் தள்ளுனா ரெண்டு வேல நடக்குது. வரியோட ஆரம்பத்துக்குத் திரும்பிப் போவுது, தாளும் ஒரு வரி ஏறுது. ஒன் பிரிண்டர்ல மொத வேல நடக்குது, ரெண்டாவது நடக்கல. பழசு தானாவே தாள ஏத்தியிருக்கும். இது, யாராச்சும் ஏத்தச் சொல்லட்டும்னு நிக்குதோ என்னமோ."

"அது டைப்ரைட்டர்க்கா. இது வேற."

"வேறதான். இதோட புக்கு இருக்கா?"

பெட்டியோடு வந்த கையேட்டை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா பக்கத்தில் ஒரு சின்ன அகராதியை வைத்துக்கொண்டு, விரலை வரி வரியாக நகர்த்தி அதைப் படித்தார். ஜப்பானில் அச்சிட்ட புத்தகம். "எழுதுனவனுக்கும் என் அளவுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும் போல. அதான் புரியுது" என்றார்.

இரண்டாம் நாள் பிரிண்டரின் பின்பக்க மூடியைத் திறந்தார். அரிசி மணி அளவில் எட்டு சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. புத்தகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அதில் ஒன்றை மட்டும் பேனா முனையால் தள்ளினார். நான் அடிக்க விட்டேன். அதே கறுப்புப் பட்டை. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அக்கா முகம் மாறவில்லை. விட்ட இடத்திலிருந்து படித்தார். "நிறுத்திட்டுத் திரும்பப் போட்டாதான் இது பிடிக்குமாம், தம்பி."

அணைத்துப் போட்டேன். இந்த முறை ஒரு வரி அடித்ததும் தாள் ஏறியது. அடுத்த வரி, அடுத்த வரி என்று முழுச் சீட்டும் வெளியே வந்தது. அக்கா அதைக் கிழித்தெடுத்து, தான் அடித்த சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு பிழை இருந்தது. அது நான் அடித்தது.

சத்தம் கேட்டு வந்த முதலாளி என் தோளில் தட்டினார். "மூணு வாரம் படிச்சது வீண் போவல லா."

நான் சிரித்துவைத்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா டைப்ரைட்டரில் அடுத்த தாளைச் செருகிக்கொண்டிருந்தார். மாலைவரை எனக்கு வேலை ஓடவில்லை. கிளம்பும் முன் முதலாளி அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலை அவர் கம்ப்யூட்டரை அக்கா மேசைக்கு மாற்றச் சொன்னார். நான்தான் தூக்கி வைத்தேன்.

விற்ற கம்பெனிக்காரர் எப்படிச் சரியானது என்று கேட்டபோது, அக்கா மலாயும் இங்கிலீஷும் கலந்து போனிலேயே விளக்கினார். அதன்பிறகு ஈப்போவில் யாருக்குப் பிரிண்டர் தகராறு செய்தாலும் எங்கள் நம்பரைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அக்கா எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்.

"என்ன கெட்டுப்போச்சுன்னு சொல்ல வேணாம். தாள்ல என்ன தெரியுதோ, அத மட்டும் சொல்லுங்க."

இரண்டு வருடம் கழித்து பிரிண்டர் விற்ற அந்தக் கம்பெனி ஈப்போவில் கிளை திறந்தபோது, பழுது பார்க்கும் வேலைக்கே அவரைக் கூப்பிட்டுக்கொண்டது.