யுத்தத்தைக் கண்டித்து ஆட்டோ ஓடாது

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் ஹர்த்தால். ஹர்த்தால் என்றால் கடை கிடையாது, பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. காரணம்? வளைகுடாவில் நடக்கிற யுத்தத்தைக் கண்டித்து.

உலகத்தின் எந்த மூலையில் குண்டு விழுந்தாலும் தம்பானூரில் ஆட்டோ ஓடாது. இது திருவனந்தபுரத்தின் வெளியுறவுக் கொள்கை. குண்டு போடுகிறவர்களுக்கு இந்த விஷயத்தை யாராவது சொன்னார்களா, தெரியவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்துப் போட்டிருப்பார்களோ என்னவோ...

நானும் யுத்தத்துக்கு எதிரிதான். ஆனால் என் எதிர்ப்பு வேறு ரகம் – பயம். முதல் குண்டு விழுந்த அன்றைக்கே காருக்கு ஃபுல் டேங்க் பெட்ரோல் போட்டேன். ஆரியசாலைக்கு ஓடி, மொத்தக் கடையில் ஒரு மூட்டை புழுங்கலரிசி, பத்து கிலோ துவரம்பருப்பு, ஒரு பண்டல் தீப்பெட்டி வாங்கினேன். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். மூட்டையை டிக்கியில் ஏற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சண்டை அங்கயா சார், இல்ல கரமனையில உங்க வீட்டுலயா?"

வீட்டில் சண்டை அதற்கப்புறம்தான் வந்தது. "நாம இருக்கறது ரெண்டு பேர். இதைத் தின்னு தீர்க்கறதுக்குள்ள அடுத்த யுத்தமே வந்துடும்" என்றாள் என் மனைவி கோமதி.

என் பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. கோமதியின் தம்பி சங்கரன் அங்கே ஒரு துறைமுகத்தில் கிடங்கு சூப்பர்வைசர். டிவியில் வரைபடம் போட்டு, சிவப்பு அம்பு ஒன்றைப் பாய விடுவார்களே... அந்த அம்பின் நுனியில்தான் அவன் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மீனா இங்கே வலியசாலை அக்ரஹாரத்தில். பத்து நாளாக அங்கே விமான நிலையம் மூடிக் கிடந்தது. தினம் ஒரு போன் வரும். அப்புறம் இரண்டு நாள் அதுவும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மீனாவுக்கு ஒரு மெசேஜ். 'நாளைக்கு ஃப்ளைட். லிஸ்ட்ல பேர் இருக்கு. காலைல பதினொரு மணிக்கு அங்க இறங்கும். ஏறினதும் மெசேஜ் பண்றேன்.'

அது வந்து அரை மணிக்குள் டிவியில் ஹர்த்தால் அறிவிப்பும் வந்தது. யுத்தத்திலிருந்து ஒருத்தன் தப்பித்து வருகிற நாளாகப் பார்த்துத்தான் அதைக் கண்டிக்க வேண்டுமா?

செவ்வாய் விடிந்தது. ஏறிவிட்டேன் என்ற மெசேஜ் வரவில்லை. எட்டு மணி... வரவில்லை. முதல் நாளே மீனாவுக்குத் துணையாகப் போயிருந்த கோமதி போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"காரை எடுத்துண்டு நேரா இங்க வாங்கோ. சேர்ந்தே ஏர்போர்ட் போலாம். ராத்திரி பூரா அவ கண்ணை மூடலை. நீங்க வந்து எதையாவது உளறி வைக்காதேள். வாயே திறக்கப்படாது, கேட்டேளா?"

திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

ஹர்த்தால் அன்று கார் எடுப்பதற்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. எதற்காகப் போகிறோம் என்று பெரிய எழுத்தில் எழுதி முன் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி, கல்யாணம், விமான நிலையம், மரணம் – இந்த நாலுக்கும் மறியல்காரர்கள் வழி விடுவார்கள். நாலு காகிதமும் என் காரில் எப்போதும் தயாராக இருக்கும். மலையாளத்தில், என் கையாலேயே எழுதியது.

நான் போவது விமான நிலையத்துக்கு. அதைத்தானே ஒட்ட வேண்டும்? ஆனால் போன தடவை அதை ஒட்டிக்கொண்டு போனபோது 'டிக்கெட் எங்கே?' என்று அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் என்றால் பத்திரிகை கேட்பார்கள். ஆஸ்பத்திரி என்றால் நோயாளி எங்கே என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். மரணத்துக்கு மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. மரியாதையாக ஒதுங்கிவிடுவார்கள்.

ஒட்டினேன். பயத்தில் என் மூளை எவ்வளவு கூர்மையாக வேலை செய்கிறது பார்த்தீர்களா?

கிள்ளிப்பாலத்தில் மறித்தார்கள். ஏழெட்டுப் பேர். முன்னால் நின்றவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் கறுப்புக் கொடி. பெயர் ஷிபு என்று பிற்பாடு தெரிந்தது. காகிதத்தைப் படித்ததும் கொடியைத் தாழ்த்தினான்.

"ஆரா சார் மரிச்சது?"

இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி! பயம் வந்தால் எனக்குப் பொய் வராது. உண்மைதான் வரும், ஆனால் துண்டு துண்டாக வரும்.

"அளியன்..." என்றேன். மலையாளத்தில் மைத்துனன்.

"எவிடெ வெச்சு?"

"கல்ஃப்... யுத்தம்... இன்னைக்கு ஃப்ளைட்டில்..."

ஒவ்வொன்றும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் ஒரு பிணப்பெட்டி.

ஷிபுவின் முகம் மாறிவிட்டது. கூட்டத்தைப் பார்த்து ஏதோ சொன்னான். அடுத்த நிமிஷம் என் காருக்குப் பின்னால் நாலு பைக், நாலிலும் கறுப்புக் கொடி. அஞ்சலி செலுத்த வருகிறார்களாம்! வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வாயைத் திறக்கக் கூடாதே.

வலியசாலைத் தெருவில் இந்த ஊர்வலம் திரும்பியது. அத்தனை வீட்டிலும் கதவு திறந்தது. மீனா புறப்படத் தயாராக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் பூ. கையில் போன். ஒரு காலில் செருப்பு மாட்டியாயிற்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் வந்த கொடிகளைப் பார்த்தாள். மாட்டிய செருப்பை மெதுவாகக் கழற்றி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"எப்போ?" என்றாள். அவ்வளவுதான்.

"எப்போன்னா... என்ன எப்போ?" என்று கேட்டபடி இறங்கி, கார் முன்னால் வந்து நின்றபோதுதான் நான் ஒட்டியதை நானே வெளியிலிருந்து படித்தேன்.

"ஐயோ, இல்லம்மா! இது ஹர்த்தாலுக்காக ஒட்டினது! அவன் நன்னா இருக்கான்!"

மீனா தலையைத் தூக்கினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும், அத்திம்பேர்?"

எனக்கு எப்படித் தெரியும்? மெசேஜ் வரவில்லை. அவன் விமானம் ஏறினானா என்பதே தெரியாது. பத்து நாளாக எல்லாச் சேனலையும் பார்த்து, எந்த ஏவுகணை எத்தனை தூரம் போகும் என்பதெல்லாம் மனப்பாடம்.

கோமதி உள்ளேயிருந்து வந்தாள். காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வாயைத் திறக்காதேள்னுதானே சொன்னேன்? எழுதி ஒட்டிண்டு வரச் சொன்னேனா?"

ஷிபு பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். "அப்போ அளியன் மரிச்சில்லே?"

அடி விழப்போகிறது என்று நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மீனாதான் பதில் சொன்னாள், மலையாளத்தில். வந்து இறங்கினால்தான் தெரியும் என்று.

ஷிபு கொடியைச் சுருட்டினான். அவனுடைய அண்ணனும் அங்கேதான் இருக்கிறானாம். போன் வந்து மூன்று நாளாயிற்றாம். "வா சார், ஞான் முன்பில் போகாம்" என்று பைக்கைக் கிளப்பினான்.

மீனா அந்தக் காகிதத்தை உரித்தாள். நாலாகக் கிழித்தாள். கீழே போடாமல் என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். கோமதி அவள் பக்கத்தில். 'விமான நிலையம்' காகிதத்தை ஒட்டினேன். ஷிபு முன்னால் போகப் போக, வழியில் ஒருத்தரும் எங்களை நிறுத்தவில்லை.

பதினொன்று. பதினொன்றரை. விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் வந்தது. ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தான் சங்கரன். பெட்டி இல்லை, ஒரு பிளாஸ்டிக் கவர். காலர் கிழிந்த சட்டை, பத்து நாள் தாடி.

மீனா போய் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏறினதும் மெசேஜ் பண்றேன்னேளே?"

"சார்ஜ் இல்லடி."

தோளில் ஒரு அடி வைத்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள். எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது... இரண்டு கண்ணிலும்.

ஷிபு தன் போனில் அண்ணனின் போட்டோவைக் காட்டினான். சங்கரன் உற்றுப் பார்த்துவிட்டு, "பார்க்கலையே" என்றான். "சாயங்காலம் இன்னொரு ஃப்ளைட் உண்டு." ஷிபு தலையாட்டினான். சுருட்டிய கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பித் தடுப்பைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டான்.

காரில் ஏறியதும் சங்கரன் கேட்டான்: "என்ன அத்திம்பேர், ரோட்டுல ஒரு ஆட்டோவைக் காணோம்?"

"ஹர்த்தால்."

"எதுக்கு?"

"நீ வந்தியே, அந்த யுத்தத்தைக் கண்டிச்சு."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பாதி வழியில் வேறொரு கூட்டம் மறித்தது. இப்போது ஷிபு இல்லை. 'விமான நிலையம்' என்பதைப் படித்துவிட்டு ஒருவர் குனிந்தார். "டிக்கெட்?"

டிக்கெட் கிடையாது, லிஸ்டில் பெயர் பார்த்து ஏற்றிவிட்டார்கள், யுத்தத்திலிருந்து வருகிறேன் என்றான் சங்கரன்.

"அதினு எந்தெங்கிலும் தெளிவு உண்டோ?" தெளிவு என்றால் இங்கே ஆதாரம்.

பின் ஜன்னல் கண்ணாடி இறங்கியது. காலையிலிருந்து பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மீனா, தெருவே கேட்கிற மாதிரி அசல் வலியசாலைத் தமிழில் சொன்னாள்:

"தெளிவா? இதோ கண் முன்னாடி உக்காண்டிருக்காரே, இதான் தெளிவு! வேணும்னா தொட்டுப் பாருங்கோ!"

அந்த மனிதருக்கு எவ்வளவு புரிந்ததோ... இரண்டடி பின்வாங்கி வழிவிட்டார்.

நான் கியரைப் போட்டேன். என் சட்டைப் பையில் நாலு துண்டாகக் கிடந்த காகிதத்துக்குக் காலையில் ஒருத்தரும் தெளிவு கேட்கவில்லை.