யூதாஸ் முறை

பெரிய வியாழன் சாயங்காலம் எங்கள் ஊர்க் கோயிலில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். சேசுநாதர் தம் சீடர்கள் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினாரே, அதை நினைத்து சாமியார் ஊர் ஆண்கள் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். பீடத்துக்கு முன்னால் நீளமான பெஞ்சு போட்டிருக்கும். பதினோரு இடத்துக்கு, பந்திக்கு முந்துகிற மாதிரி முந்துவார்கள். பன்னிரண்டாவது இடத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காது. வாசல் பக்கத்துக் கடைசி இடமான அது யூதாஸின் இடம். சேசுநாதரைக் காட்டிக்கொடுத்தவன் இடத்தில் எவன் உட்காருவான்? அதனால் வருஷத்துக்கு ஒரு வீடு என்று அந்தக் காலத்திலேயே முறை வைத்துவிட்டார்கள். ஆறுதலுக்கு, மற்றவர்களுக்கு ஓர் அப்பம் என்றால் யூதாஸுக்கு இரண்டு. அசல் யூதாஸுக்குக்கூட இந்த மரியாதை நடந்திருக்காது.

அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. அதே வருஷம்தான் தேர்தலும் வந்து தொலைத்தது.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலுக்குப் போகும் பாதையில் இருந்தது. அப்போது அந்தப் பக்கமெல்லாம் வெள்ளைக்காரன் ஆட்சி. வடக்கே கொஞ்ச தூரம் போனால் புதுக்கோட்டை ராஜாவின் சமஸ்தானம். தேர்தல் எங்களுக்குத்தான், அவர்களுக்கு இல்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். கதர் கட்டிய என் அப்பா மஞ்சள் பெட்டி. ஊர் மணியக்காரராக இருந்து சர்க்காருக்குத் தீர்வை வசூலித்த என் மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், பச்சைப் பெட்டி. அந்த மாமாவின் மகனுக்குத்தான் என்னைப் பேசியிருந்தது. பாஸ்கு என்று நாங்கள் சொல்லும் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுக் காலம். அதில் கல்யாணம் கூடாது என்பதால் பாஸ்கு முடிந்ததும் வைப்பதாக இருந்தார்கள். பாஸ்கு ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் அறிவிப்பதைத்தான் ஓலை என்போம்.

ஆட்சேபணை எங்கள் இரண்டு வீட்டுக்குள்ளேயே விளைந்துகொண்டிருந்தது. அப்பா, ஒட்டகம் ஊசிக் காதில் நுழைந்தாலும் பணக்காரன் மோட்சத்தில் நுழைய மாட்டான் என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு, “பணக்காரன் கட்சிக்கு ஓட்டுப் போடுறவன் மோட்சத்துக்கு எப்புடிப் போவான்?” என்பார். மாமா விடுவாரா? “வரி கட்டவான்னு கேட்டப்ப, இராயனுக்கு உள்ளத இராயனுக்குக் குடுன்னுதானே ஆண்டவர் சொன்னாரு? அவரு எங்க கட்சி” என்பார். ஒரே சுவிசேஷத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கல்யாணப் பெண்ணுக்கு என்னவென்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

மஞ்சள் பெட்டி ஜெயித்தது. அதோடு விட்டிருக்கலாம். அப்பா தபசுக் காலம் என்றுகூடப் பார்க்காமல் மேளம் வைத்து மாமா வீட்டு வாசலில் வெடி போட்டார். அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் மாமா ஊரெல்லாம் கேட்கச் சொன்னார்:

“இந்த வருசம் யூதாஸ் முறை மஞ்சப் பெட்டிக்கு வருது. ஆண்டவர் பாத்துத்தான் அனுப்பிருக்காரு.”

அப்பா குதித்தார். “நான் ஒக்கார மாட்டேன். அந்த எடம் பச்சைக்குத்தான் பொருத்தம்.”

“முறை தவறுற வீட்டுல எனக்குச் சம்பந்தம் வேணாம்” என்று மாமா சொல்லி அனுப்பினார்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. எனக்கு ஓட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. அத்தை மகனைச் சின்ன வயசிலிருந்தே எனக்குப் பிடிக்கும். அவரைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதாக நினைத்ததில்லை. “ஒரு பெஞ்சுல ஒக்கார மாட்டேன்னு என் வாழ்க்கையக் கெடுக்கிறீங்களேப்பா” என்று கேட்டேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

பெரிய வியாழன் வந்தது. பெஞ்சில் பதினோரு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். மாமா நடுவில் இருந்தார். கடைசி இடம் காலி. அப்பா தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பெண்கள் பக்கத்தில் முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாமியார் தண்ணீர்ச் செம்போடும் துவாலையோடும் வந்தார். குண்டு உடம்பு, முட்டிவலிக்காரர். காலி இடத்தைப் பார்த்தார்.

“பன்னெண்டு பேரும் வரட்டும். என் முட்டி ஒரு தடவைதான் மடங்கும்.”

யாரும் அசையவில்லை. அவர் தூணையும் பார்த்தார், பெஞ்சையும் பார்த்தார். பிறகு அப்பாவை விட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த பதினோரு பேரிடமும் சாவகாசமாகக் கேட்டார்.

“ஒங்கள்ல ஒருத்தர் எனக்குச் சொல்லுங்க. அன்னைக்கி ஆண்டவர் யூதாஸ எழுப்பி வெளியே அனுப்பிட்டா மத்தவங்க காலக் கழுவுனாரு? அவன் காலையும் சேத்துத்தானே கழுவுனாரு?”

யூதாஸ் முறையைச் சொல்லிக் குத்திக்காட்டிய மாமாவுக்கு முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. எழுந்தார். போய்விடப் போகிறார், என் கல்யாணம் இதோடு சரி என்று நினைத்தேன். அவர் பெஞ்சின் பின்பக்கமாக நடந்து வந்து யூதாஸின் இடத்தில் உட்கார்ந்தார்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வந்தார்.

“மச்சான், எந்திரிங்க. அது எங்க வீட்டு முறை.”

“ஒக்காந்தாச்சு மச்சான்.”

“எந்திரிங்கங்குறேன். அங்கிட்டுப் போங்க.”

“நீங்க போங்க. நடுவுல எடம் காலியாத்தானே கெடக்கு.”

ஊரே வேண்டாமென்று ஒதுக்கிய இடத்துக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் முதலில் சிரித்தது அத்தைதான். அப்புறம் யாரை அடக்குவது? கடைசியில் அப்பா மாமாவை இடித்துத் தள்ளிக்கொண்டு அந்த ஒற்றை இடத்திலேயே ஒட்டி உட்கார்ந்தார். சாமியார் வரிசையாகக் கழுவிக்கொண்டு வந்தார். மாமாவின் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் துவாலையை எடுத்தபோது, அப்பா அதைச் சாமியார் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தரையில் உட்கார்ந்து, மாமாவின் காலைத் தம் மடியில் வைத்துத் துடைத்தார்.

எவ்வளவு வீம்புக்காரராக இருந்தாலும் என் அப்பா நல்லவர் என்று அப்போது நினைத்தேன்.

மாமா மேலே பார்த்துக்கொண்டே சொன்னார்: “காலப் புடிச்சாலும் என் ஓட்டு பச்சைக்குத்தான்.”

“ஒங்க ஓட்ட எவன் கேட்டான்? ஓலை வாசிக்கச் சம்மதம்னு சாமிகிட்டச் சொல்லுங்க.”

மாமா சொன்னார். அப்பங்களைக் கொடுத்தபோது யூதாஸுக்கு உரிய இரண்டை ஆளுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டார்கள்.

பாஸ்கு ஞாயிறு பூசையில் சாமியார் என் பேரையும் அத்தை மகன் பேரையும் சேர்த்து வாசித்தார். அந்த நிமிஷத்துக்காக நான் நாற்பது நாளும் செபித்திருந்தேன். ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் மாமாவும் தலையோடு தலை வைத்துக் கிசுகிசுவென்று அடுத்த தேர்தலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓலை வாசித்ததை இரண்டு பேருமே கேட்கவில்லை.