எண்ணூர் ஓணான்

அவரவர் ஏரியாவில் வாழும் காட்டு உயிர் ஒன்றைப் படம் எடுத்து வரும்படி ஏழாம் வகுப்பில் டீச்சர் சொன்னார். "எண்ணூர்ல என்ன இருக்கும்? பவர் பிளான்ட் புகைக்கூண்டை எடுத்துட்டு வா" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி. வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஹார்பரில் லோடு இறக்கும் என் நைனாவுக்கு என்னைவிட ரோஷம். "இன்னா சொல்லிட்டா அவ? நம்ம மண்ணுல இன்னா கீதுன்னு காட்றேன், வா" என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளப்பிவிட்டார். சாலை முடிகிற இடத்தில் பைக்கை நிறுத்தி, அதன் பக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எதற்கென்று கேட்டால், "கம்முனு வா." முகத்துவாரம் வரை மணல்மேடு மணல்மேடாக ஏறி இறங்கினோம்.

விரல் நீளத்துக்குக் குட்டி ஓணான்கள் இருந்தன. நான் நைனாவின் போனை நீட்டினால் போதும், புதருக்குள் ஓட்டம். பத்துத் தடவையாவது ஏமாந்திருப்பேன். அழுகை வந்துவிட்டது.

நைனா சுடுமணலில் குப்புறப் படுத்து, ஓர் ஓணானுக்கு எதிரே கண்ணாடியை மெல்ல நகர்த்தி வைத்தார். "இன்னொரு ஆம்பள ஓணானப் பாத்தா இதுக்குப் பேஜாரு. ரெடியா இரு."

தன் உருவத்தையே எதிரி என்று நினைத்த அந்தப் பொடியன் முன்னங்காலை ஊன்றி நிமிர்ந்தான். தொண்டைக்கடியில் வெள்ளை விசிறி விரிந்தது, நடுவே நீலக்கோடு. அடேயப்பா! எடுத்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில், "நெட்ல சுட்டது" என்றாள் பெஞ்சுக்காரி. டீச்சர் படத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடிக்குள் இரண்டு புகைக்கூண்டுகள். "எண்ணூரேதான்" என்றார். நான் இடத்துக்குத் திரும்பிய நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் நைனாமேல் எனக்குக் கடுப்பு. டீக்கடையில் வருகிறவன் போகிறவன் கையிலெல்லாம் போனைத் திணிப்பார். "ஓணானப் பாரு, இன்னா கெத்தா நிக்குது!" நான் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பக்கத்திலேயே பன்னைக் கடித்தபடி நான் பொருமிக்கொண்டு நிற்பேன். யாராவது பார்த்துவிட்டுச் சும்மா போனைத் திருப்பி நீட்டினால், "நல்லாப் பாருப்பா" என்று மறுபடி அவர்கள் பக்கமே தள்ளுவார். "யாரு எடுத்தது?" என்று கேட்டால் மட்டும், பேசாமல் முகவாயால் என்னைக் காட்டுவார்.

இந்த மனுஷனுக்கு ஓணான் பைத்தியம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அந்தக் கேள்வி வரும்வரை அவர் போனைத் திரும்ப வாங்கியதே இல்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.