கூடவே நகர்ந்த பள்ளம்

என் தங்கை புருஷனுக்கும் எனக்கும் தொழிலில் ஜென்மப் பகை. நான் காருக்குப் பட்டி பூசி பெயிண்ட் அடிப்பவன். அவர் நசுங்கலை உள்ளிருந்து தள்ளி எடுத்தால் பெயிண்டே தேவையில்லை என்று சாதிப்பவர். ஒரே ஷெட்டில், நடுவே ஒரு தகரத் தடுப்பை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பிழைத்தோம். நசுங்கிய கதவோடு யாராவது என் பக்கம் திரும்பினால் போதும், தடுப்புக்கு மேலே தலை நீளும். "சார், பெயிண்ட் உரியலதானே? அங்க போனா மேக்கப் போட்டு அனுப்பிடுவாரு. இப்படி வாங்க." அத்தனை வாய்க்கொழுப்பு. அவர் கையில் தொழில் இருந்ததால் நான் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

தெருவில் அவருக்கு 'டொக்கு' என்று பெயர். கன்னம் இரண்டும் ஒட்டி உள்ளே போயிருக்கும். ஊரிலிருக்கிற பள்ளத்தையெல்லாம் எடுக்கிறவர் தன் கன்னத்தை மட்டும் விட்டுவிட்டார் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

கதவுக்கு உள்பக்கமாக வளைந்த கம்பியை விடுவார். பள்ளத்தின் முதுகில் அதன் நுனியை வைத்து கடுகளவு தள்ளுவார். மறுபடியும் கடுகளவு. வெளியே, கறுப்புக் கோடு போட்ட விளக்கு ஒன்று நிற்கும். அந்தக் கோடுகள் தகட்டில் நேராக விழுந்தால் வேலை முடிந்தது. நெளிந்தால் அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது. அவர் தகட்டைப் பார்த்து நான் பார்த்ததில்லை, கோட்டைத்தான் பார்ப்பார். கோடு பொய் சொல்லாது என்பார்.

ஒரு டீச்சரின் புதுக் கார் வந்தது. பின்கதவில் தள்ளுவண்டி இடித்த சின்னப் பள்ளம். மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பார்த்தேன். கதவு கண்ணாடி மாதிரி இருந்தது. அவரோ கம்பியை வெளியே எடுக்கவில்லை.

"முடிஞ்சிருச்சே மாப்ளே. இன்னும் எதைத் தோண்டுறீங்க?"

"கண்ணு இருக்கா மச்சான் உங்களுக்கு? கோடு எப்படி நெளியுது பாருங்க."

எனக்கு நெளியவில்லை. பெயிண்ட்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நானே ஒதுங்கிக்கொண்டேன். சாயங்காலம் பார்த்தால் கதவு உப்பிப் போயிருந்தது. அளவுக்கு மீறித் தள்ளினால் தகடு தளர்ந்துவிடும். கட்டைவிரலால் அமுக்கினால் 'டொக்'கென்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். டீச்சர் வாய்க்கு வந்தபடி திட்டினார். கடைசியில் நான்தான் பட்டி பூசி பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். அந்த வேலை முடியும்வரை மாப்பிள்ளை தடுப்புக்கு மேலே தலையை நீட்டவில்லை. "இப்ப வர்ற தகடெல்லாம் வெறும் காகிதம்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

அடுத்த வாரம் ஒரு டாக்ஸி டிரைவர் கதவை சரிபண்ண வந்தார். கதவை விட்டுவிட்டு இவர் பேனட்டைத் தூக்கி அடியில் கம்பி வைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அங்க ஒண்ணும் இல்லையே!" என்று டிரைவர் கத்திய சத்தம் என் பக்கம் வரை கேட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. டிரைவரை அனுப்பிவிட்டு, நான் பாலிஷ் போட்டு வைத்திருந்த புது பேனட் ஒன்றைத் தூக்கி வந்து அவர் விளக்குக்கு முன்னால் வைத்தேன்.

"காட்டுங்க. எங்க இருக்கு பள்ளம்?"

"இதோ, நடுவுல" என்று விரல் வைத்தார்.

கோபத்தில் பேனட்டை ஒரு முழம் தள்ளினேன். "இப்ப?"

அவர் விரல் பேனட்டில் வேறொரு இடத்தைத் தொட்டது. இன்னும் ஒரு முழம் தள்ளினேன். பள்ளமும் அவர் பார்வையின் கூடவே நகர்ந்தது. அவர் பார்த்த இடத்திலெல்லாம் அது இருந்தது.

வலக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். இடக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். பிறகு தானே போய் விளக்கை அணைத்தார்.

"மச்சான், பள்ளம் தகட்டுல இல்ல."

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். நல்ல மாதிரி. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, வலது முற்றிவிட்டது, இடதும் அதே வழியில் போகிறது என்று நிதானமாகச் சொன்னார். ஓரப்பார்வை மிஞ்சும், நடமாடலாம். நடுவில் போனது திரும்பி வராது.

"பின்பக்கமா ஏதாவது விட்டுத் தள்ள முடியாதாம்மா?" என்று இவர் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். இவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகும் ஷெட்டுக்கு வந்தார். என்னிடமிருந்த பழைய கதவொன்றை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பழகினார். பள்ளம் எங்கே என்று கை சொன்னது. உள்ளே கம்பியின் நுனி எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. அதற்குக் கோடு வேண்டும். கதவு முழுக்க முண்டும் முடிச்சுமாக ஆனதும் கம்பிகளைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டார். பெயிண்ட் தேய்க்கவாவது வாருங்கள் என்று கூப்பிட்டேன். "வேற வேலை இல்ல உங்களுக்கு" என்றார். கெஞ்சியிருக்க வேண்டுமோ என்னவோ, எனக்கு அது வராது.

தங்கையிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று எனக்கு அவர் கட்டளை. கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் பேசினா என் காதைப் பாக்கறாரு, பின்னால இருக்கற சுவரைப் பாக்கறாரு. மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கறாரு. என்ன தப்புப் பண்ணிட்டு வந்திருக்காரு? உங்களுக்குத் தெரியும், சொல்லுங்க."

நான் செருப்பைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டேன். அவள் விடுவிடுவென்று உள்ளே போனாள். அவர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த ஒட்டிய கன்னங்களை ஒரு கையால் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னை நேராப் பாத்துச் சொல்லுங்க. என்ன மறைக்கறீங்க?"

இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவர் விழித்த கண்ணை அசைக்காமல் வைத்திருந்தார்.

"நேராப் பாத்தா நீ இல்லடி" என்றார். "கழுத்து இருக்கு, முடி இருக்கு. நடுவுல நீ இல்ல."

அவள் கையை எடுக்கவில்லை. அவர் அந்தக் கைக்குள்ளேயே மெல்ல முகத்தைத் திருப்பி, அடுப்பைப் பார்த்தார். அங்கிருந்து ஓரக்கண்ணால் அவளைத் தேடினார்.

"அழறியா?" என்று கேட்டார்.