அத்தைக்கு ஒரு கட்டம்

அபுதாபி பக்கம் அல் ஐனில் நான் நாலாவது படித்தபோது எங்கள் மிஸ் இங்கிலாந்துக்காரர். ஃபேமிலி ட்ரீ வரைந்து வரச் சொன்னவர், தன்னுடையதைச் சுவரில் ஒட்டிக் காட்டினார். கிராமத்துப் பண்ணை வீடு, ஏகப்பட்ட பிள்ளைகள், ஆளுக்கொரு கட்டம். ஒரு கட்டத்தைத் தொட்டு, "இவள் ரொட்டிக்காரனோடு ஓடிப்போனவள்" என்று சிரித்தார். ஓடிப்போனவளுக்கும் கட்டமா!

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஊர் வீடு மட்டும் என்ன லேசா? இதைவிடப் பெரிதாக வரைந்தே தீருவது என்று வீட்டுக்கு வந்து அம்மாவைத் துளைத்தெடுத்தேன்.

"மாமனார் பேரையெல்லாம் என் வாயால சொல்ல மாட்டேன். உங்கப்பாகிட்ட கேளு. அவரு கூடப் பொறந்தவங்களே மூணு பேரு..."

"பெரியப்பா, சித்தப்பா... மூணாவது யாரும்மா?"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ரெண்டு கட்டம் போதும், போ."

விடுவேனா? மூன்றாவது கட்டத்தையும் வரைந்து, அப்பா டியூட்டி முடிந்து வந்ததும் அவர் முன்னால் விரித்தேன்.

"ஒரு அத்தை இருக்கா," என்றார் அப்பா மெதுவாக. "தானா ஒருத்தரைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. ஊர்ல யாரும் அவ பேரை எடுக்கிறதில்ல."

"மிஸ் வீட்டுல அப்படிப் போனவங்களுக்கும் கட்டம் இருக்குப்பா. எழுதுங்க."

பென்சிலை நீட்டியபடியே நின்றேன். கை வலித்தது, இறக்கவில்லை. கடைசியில் வாங்கி எழுதினார்.

"ஐயோ, தப்புப்பா! அது என் பேரு!"

"முதல்ல அவ பேரு," என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கோ கோபம். யாரோ போட்ட சட்டையை எனக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை தவறாமல் டெலிபோன் கார்டு போட்டு ஊருக்குப் பேசுவோம். "பாப்பா, நல்லாருக்கியா?" என்றார் பெரியப்பா அந்த வாரம். ஊரில் எல்லாருக்கும் நான் பாப்பாதான். ஒருவரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செல்லம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"பெரியப்பா, உங்க தங்கச்சி பேரும் என் பேரும் ஒண்ணுதானாமே! அப்பாவே கட்டத்துல எழுதிட்டாரு!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"கார்டு தீர்ந்துபோச்சுப்பா" என்று ரிசீவரை அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே," என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "அண்ணே..."

தீர்ந்துபோன கார்டில் இவர் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஒரே எரிச்சல்.