இடது கன்னம் கறுப்பு, வலது கன்னம் நீலம்

பாலீஷ் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் சித்தி வீட்டு அடுப்படியில். சித்தியின் நடுமகள், எனக்குத் தங்கை முறை, அவளுக்கு வரன் சொல்ல வந்திருந்த ஒன்றுவிட்ட அத்தை, "பையனுக்கு வீட்ல வெச்ச பேரு ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லிக் கேட்டா பட்டறையில ஒருத்தருக்கும் தெரியாது. பாலீஷ்னு கேளு, நேரா கை காட்டுவாங்க" என்றாள்.

"அது என்ன பேரு, செருப்புத் துடைக்கிறவனா?" என்று சித்தி முகத்தைச் சுளித்தாள்.

"இல்லடி, பெயிண்ட் அடிக்கிறவன். அவன் அடிச்ச கட்டில்ல நீ முகம் பார்த்து தலை வாரிக்கலாம்."

அடுத்த வாரம் பையனே வந்தார். வந்தவர் என் தங்கையை நிமிர்ந்து பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியையே தடவிக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, "இதுக்கு ஒரு கோட்டு பெயிண்ட் கம்மி" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். அதைக் கேட்டுத் தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்போடு சிரிப்பாகச் சம்மதமும் சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் குடிவந்தது எங்கள் கட்டடத்துக்கே. எங்கள் தலைக்கு மேல் அவர்கள் வீடு. அதனால் அந்த வீட்டில் ஒரு தம்ளர் உருண்டாலும் எனக்குத் தெரியும்.

அவர் வேலை பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் பட்டறையில். பற்றவைத்துத் தேய்த்து வரும் இரும்புக்கு ஸ்பிரே அடிப்பது அவர் பொறுப்பு. நாலு பக்கமும் அடைத்த அறை அது. உள்ளே போகிறவர் மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர் மாஸ்க் போட்டுத்தான் போக வேண்டும். மாஸ்க்கின் விளிம்பு முகத்தில் அட்டை மாதிரி ஒட்ட வேண்டும். நடுவே முடி இருந்தால் அந்த வழியாகப் பெயிண்ட் புகை உள்ளே புகுந்து நெஞ்சைத் தின்றுவிடும். அதனால் அந்த அறைக்காரர்களுக்குத் தாடி கிடையாது. தினம் காலையில் மழுமழுவென்று சிரைத்துக்கொண்டு போக வேண்டும்.

பெயிண்ட் காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் கட்டிலைத் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று ஒட்டியிருந்தாலும் அந்த இடத்தில் விரல் நின்றுவிடும். உடனே தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பார். அந்தத் தடவல் வீட்டுக்கு வந்தாலும் விடாது. சாப்பாட்டு மேசையைத் தடவுவார், மாடிப்படிக் கைப்பிடியைத் தடவுவார். பிறந்த மகளின் கன்னத்தைத் தடவி, "ஃபினிஷிங் நல்லா வந்திருக்கு" என்று சொன்னதற்குத் தங்கை அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

மகள் படிப்பு முடிக்கும் சமயத்தில் அவருக்கு நெஞ்சில் வால்வு பழுது என்று பிரித்து மாற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். "இனிமே பிளேடு பக்கமே போகாதீங்க. மெஷின் ஷேவர் ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார் டாக்டர். அந்தப் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் பழைய ரேசரை எடுத்தார். தாடையில் ஒரு கீறல், நகக்கீறல் அளவுதான். காலையில் தொடங்கிய ரத்தம் தங்கையின் இரண்டு துண்டுகளை நனைத்து, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் நின்றது. தங்கை ரேசரைப் பிடுங்கி பீரோ மேல் தூக்கிப் போட்டாள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. நீண்ட லீவு முடிந்து பட்டறைக்குத் திரும்புகிறவர் மாஸ்க் சோதனையில் தேற வேண்டும். மாஸ்க் மாட்டி, தலையோடு ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பு மருந்தைப் பீய்ச்சி அடிப்பார்கள். நாக்கில் கசந்தால் மாஸ்க் ஒட்டவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஸ்பிரே அறை கிடையாது, பேக்கிங் பிரிவுதான். அடுத்தவன் அடித்த கட்டிலுக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்ற வேண்டும்.

"சுத்தற வேலைன்னா மட்டமா மாப்பிள்ளை? உடம்புக்கும் நல்லதுதானே" என்றேன் நான்.

"மட்டமில்ல அக்கா. சுத்தும்போது கை சும்மா இருக்காது, தடவிப் பார்க்கும். மணல் மணலா தட்டுப்படும். வாயை மூடிக்கிட்டுச் சுத்தணும். என்னால முடியுமா, நீங்களே சொல்லுங்க."



லீவு முடிவதற்குள் முகத்துக்குச் சரியான ஷேவர் ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். தங்கையும் அவள் தம்பியும் அவரைக் கடைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு சுவர் முழுக்க ஷேவர். மூன்று சக்கரம் சுற்றுகிற ஜாதி ஒன்று, சல்லடை மாதிரித் தகடு போட்டு நேராக இழுக்கிற ஜாதி ஒன்று. ஒவ்வொரு ஜாதியிலும் பிராண்டுக்குக் குறைவில்லை, ஒரு பேரும் அவர்கள் வாயில் நுழையவில்லை. கவுண்டரில் இருந்த பெண், "ட்ரை ஷேவா சார், வெட் ஷேவா?" என்று கேட்டாள்.

"ஈரத்து மேல ஓட்டினா வழிஞ்சிடாதாம்மா?" என்றார் இவர். பெயிண்ட் நினைப்பு.

"சென்சிட்டிவ் ஸ்கின்னா சார்?"

"பெயிண்ட் தின்னர் பட்டுப் பட்டுப் பழகின ஸ்கின்னு."

அந்தப் பெண் தங்கையைப் பார்த்தாள். தங்கை கூரையைப் பார்த்தாள்.

தம்பி குறுக்கே வந்தான். "எதுக்கு மச்சான் குழப்பம்? நான் வெச்சிருக்கிற பிராண்டையே வாங்குங்க. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

"உன் மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படி மாப்ள கண்ணை மூடறது? பாதி அறுத்த வயல் மாதிரி இருக்கு."

அன்று வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறகு மாடியில் போனில் வீடியோ ஓடத் தொடங்கியது. எந்நேரமும் யாரோ ஒருவர் ஷேவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது என் வீட்டுக் கூரை வழியாகக் கேட்கும். படியிறங்கி வந்து என்னிடம் புலம்பினார்.

"ஒருத்தன் கறுப்பு டப்பா பிராண்டுதான் ஒசத்திங்கறான். இன்னொருத்தன் அதையே குப்பையில போடுங்கறான், நீல டப்பாதான் சாமிங்கறான். யாரை நம்பறது? ரெண்டு பேருக்குமே தாடி இருக்கு அக்கா!"

கடைசியில், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடையில் சொன்னதால் கறுப்பு டப்பா, நீல டப்பா இரண்டையும் வாங்கி வந்தார். கறுப்பு, மூன்று சக்கரம். நீலம், சல்லடை. இதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

மறுநாள் காலை மேலேயிருந்து தங்கை அலறிய சத்தம் கேட்டு ஓடினேன். கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார் மனிதர். நெற்றியிலிருந்து மூக்கு வழியாகத் தாடை வரைக்கும் பட்டறையில் பெயிண்ட் எல்லை பிரிக்க ஒட்டுகிற மாஸ்கிங் டேப்பை நேர்கோடாக ஒட்டி, முகத்தை இரண்டாகப் பிரித்திருந்தார்.

"இடது கன்னத்துக்குக் கறுப்பு, வலது கன்னத்துக்கு நீலம். அப்பத்தானே எது நல்ல பிராண்டுன்னு தெரியும்?"

"அது முகமா, பீரோவா?" என்றாள் தங்கை.

இரண்டையும் ஓட்டினார். கண்ணை மூடி விரல் நுனியால் தடவினார். இடதில் நின்றது விரல். வலதிலும் நின்றது. மறுபடி ஓட்டினார், இந்த முறை அழுத்தி. இரும்பைத் தேய்க்கிற மெஷினைப் பிடித்துப் பழகிய கை. அழுத்தினால்தான் வேலை நடக்கும் என்று அந்தக் கைக்குப் பாடம். அன்றைக்கு இடது பக்கம் ஜெயித்தது. மறுநாள் கன்னத்தை மாற்றிக்கொண்டார், கறுப்பை வலதுக்குக் கொண்டுபோனார். அப்போதும் இடதே ஜெயித்தது. அப்படியானால் ஜெயித்தது பிராண்டா, கன்னமா? அவருக்கு மண்டை காய்ந்துவிட்டது. எனக்கும்தான். நான் கீழே வந்து உப்புக்குப் பதில் சர்க்கரையை அள்ளிப் போட்டேன்.

காலை ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று ஓட்டினார். கன்னம் முழுக்கச் சிவந்து பொரிப்பொரியாக எழும்பியது. பொரி எழும்பியதால் விரலுக்கு இன்னும் தட்டுப்பட்டது. தட்டுப்படுவது முடிதான் என்று நினைத்து இன்னும் அழுத்தினார். மெஷினை மாற்றினார், பக்கத்தை மாற்றினார், கண்ணாடியைக்கூட மாற்றினார். மருந்துக் கடைக்காரர் களிம்பு கொடுத்து, "ரெண்டு நாள் முகத்தைச் சும்மா விடுங்க" என்றார். வேலைக்குத் திரும்பும் நாளுக்கு முந்தின இரண்டு நாள் அவை. விட்டார். விட்டதில் முடி வளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். அவளோடு நானும் கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தால், பீரோவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் கிடக்கிறது. இவர் வாஷ்பேசினில் நிற்கிறார். கன்னத்தில் சோப்பு நுரை, கையில் பழைய ரேசர்.

தங்கை கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "கீழ வைங்க" என்றாள்.

"ஒரே ஒரு தடவை. நாளைக்கு மட்டும். மெதுவா எடுத்துடறேன்."

"போன தடவையும் மெதுவாத்தான் எடுத்தீங்க."

"அந்த ரெண்டு சனியனும் என்னைப் பேக்கிங்ல தள்ளிடும், உனக்குப் புரியல."

"எனக்குப் புரியலதான். தடவித் தடவிப் பார்க்கறீங்களே, நாளைக்கு உங்க மூஞ்சியைத் தடவிப் பார்க்கப் போறது யாரு? ஃபோர்மேனா?"

"மாஸ்க்கு."

"மாஸ்க்குக்கு விரல் இருக்கா?"

ரேசர் அவர் கையிலேயே இருந்தது. தங்கை திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை செய்பவள். தையல் பெட்டியிலிருந்து, துணியில் குறி போடுகிற வெள்ளைச் சாக்குக்கட்டியை எடுத்தாள். அவருடைய பட்டறைப் பையில் இருந்த மாஸ்க்கை எடுத்து, அதன் ரப்பர் விளிம்பு முழுக்கச் சாக்குக்கட்டியைத் தேய்த்தாள். அவர் முகத்து நுரையைத் துடைத்துவிட்டு மாஸ்க்கை வைத்து அழுத்தி எடுத்தாள். மூக்குத் தண்டிலிருந்து கன்னம் வழியாக இறங்கித் தாடைக்கு அடியில் போய்ச் சேர்கிற ஒரு வெள்ளை வளையம், விரல் அகலத்துக்கு, அவர் முகத்தில் நின்றது.

"துணி முழுக்கவா வெட்டுவோம்? கோடு போட்ட இடத்துலதானே வெட்டுவோம். இந்தக் கோட்டுல முடி இல்லாம இருந்தாப் போதும். மிச்சம் எப்படி இருந்தா யாருக்கு என்ன?"

"மிச்சம் சொரசொரன்னு இருக்குமே."

"இருக்கட்டும். நான் சகிச்சுக்கறேன்."

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம்தான் ரேசரைக் கீழே வைத்தார்.

அந்தக் கோட்டில் மட்டும் இரண்டு மெஷினையும் ஓட்டிப் பார்த்தார், தங்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, அழுத்தாமல். கன்னத்து மேட்டில் இரண்டுமே ஒரே மாதிரிதான் எடுத்தன. தாடைக்கு அடியில், முடி குறுக்கே படுத்திருந்த இடத்தில், மூன்று சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது, நீல டப்பாச் சல்லடை நறுக்கென்று எடுத்தது. அப்போதும், "ஒரு மூஞ்சிக்கு இது, இன்னொரு மூஞ்சிக்கு அதுதான் போல" என்று முணுமுணுத்தார். முடிவு செய்துவிட்டாரா, இன்னும் யோசிக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை கோடு போட்டு, நீலத்தை ஓட்டிக்கொண்டு போனார்.

அங்கே நடந்ததை அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மாஸ்க் மாட்டி, கூடாரத்தைக் கவிழ்த்து, ஃபோர்மேன் மருந்தைப் பீய்ச்சினார்.

"பாலீஷ், கசக்குதா?"

இவருக்குத் தெரியவில்லை. காலையில் போட்ட மாத்திரையே வாயில் கசந்த மாதிரி இருந்தது. இது மாத்திரைக் கசப்பா, மருந்துக் கசப்பா, பயத்தில் வந்த கசப்பா?

"கசக்குதாய்யா, இல்லையா?"

"கசக்குற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

ஃபோர்மேன் மறுபடி பீய்ச்சினார். தலையை இப்படி ஆட்டச் சொன்னார், அப்படி ஆட்டச் சொன்னார், சத்தமாகப் பேசச் சொன்னார். இவர் அதே பதிலைத்தான் சொன்னார். பொறுமை போய் ஃபோர்மேன் கூடாரத்துக்குள் கையை விட்டு மாஸ்க்கை ஒரு விரற்கடை தூக்கினார். அவ்வளவுதான். இவர் இருமி, துப்பி, கண்ணில் தண்ணீர் வர, "ஐயோ, இப்பத்தான்யா கசக்குது!" என்று கத்தினார்.

"அப்ப இவ்வளவு நேரம் கசக்கலைன்னு அர்த்தம். எந்திரி, போய் அடி" என்றார் ஃபோர்மேன்.

கறுப்பு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனவர், கவுண்டர் முன்னால் நின்று, "ஒருவேளை இதையே வெச்சுக்கலாமோ" என்று மறுபடி ஆரம்பித்தாராம். தங்கை டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி அந்தப் பெண்ணிடம் நீட்டிவிட்டாள். அதற்குப் பிறகு வயது முடிந்து ஓய்வு கொடுக்கும் வரைக்கும் அவர் அந்த அறையில்தான் அடித்தார். தினம் காலையில் தங்கை சாக்குக்கட்டிக் கோடு போடுவாள். கோடு அவருக்கே மனப்பாடமாகி, தேவை இல்லாமல் போன பிறகும் போட்டாள் என்று நினைக்கிறேன்.

இப்போது அவரும் தங்கையும் மகள் வீட்டு மாடியறையில் இருக்கிறார்கள். நீல டப்பாவை மருமகன் வைத்திருக்கிறார். இவர் நெஞ்சு வரைக்கும் தாடி வளர்த்திருக்கிறார்.