கொட்டாஞ்சேனையில் போடாத கூரை

மட்டக்களப்பு பஸ்ஸுக்கு நேரம் இருப்பதால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் நடக்கிறேன். ஒரு கிளினிக் வாசலில் பெண்கள் கைக்குழந்தைகளோடு வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு முன், இந்த வாசலுக்குக் கூரை தேவையா என்று ஆராய வந்தவன் நான். உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு தாயிடமும் கேட்டேன். எல்லோரும் ஒரு குறையுமில்லை என்றார்கள். கூரை அவசியமில்லை என்று அறிக்கை எழுதினேன்.

வரிசையில் நிற்கும் ஒருத்தி என்னை அடையாளம் கண்டு சிரிக்கிறாள். இடுப்பிலிருக்கும் பிள்ளையின் தலையில் ஈரக் கைக்குட்டை.

"கேள்வி கேட்டு எழுதின சேர்தானே?"

"ஓம். அண்டைக்குக் குறையில்லை எண்டுதானே சொன்னீங்க?"

"மிஸ்ஸி பக்கத்துலயே நின்னாங்களே சேர். புள்ளைக்கு ஊசி போட திரும்ப அவங்ககிட்டதானே வரணும்?"

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. படிவங்களை அடுக்கித் தந்து எனக்கு உதவியவர், அவள் மிஸ்ஸி என்று சொல்லும் அந்தத் தாதிதான். அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை.

"இப்ப சொல்லுங்க, எழுதுறன்" என்று பேனாவை எடுக்கிறேன்.

"எழுதி இப்ப யாருகிட்ட குடுப்பீங்க சேர்?"

அந்த வேலையை விட்டு வெகுநாளாகிறது. பேனாவை வைத்துவிட்டுப் பையிலிருந்த குடையை விரித்துப் பிடிக்கிறேன். அவளுக்கும் பிள்ளைக்கும் அது போதுமாக இருக்கிறது. பின்னால் நிற்பவர்களுக்கு இல்லை.